கூறாக்கமும் எல்லையும்: குறைந்த தரவு கொண்ட மருத்துவப் படங்களில் சிற்றளவு ஆழ்கற்றல்

1. முன்னுரை

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் வட்டத்தில் அமைந்துள்ள ஊர் ஹெப்பகோடி. ஊரைச் சுற்றிலும் தொழிற்கூடங்களும் மருத்துவமனைகளும் உயிரித்தொழில்நுட்ப நிறுவனங்களும் உள்ளன. தமிழக எல்லை அருகில் இருப்பதால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்து இங்கு வேலை செய்வோர் பலர். எனவே மருத்துவப் படிவங்கள் கன்னடத்தோடு தமிழிலும் தேவைப்படுகின்றன.

அத்தகைய ஒப்புதல் படிவம் ஒன்றன் தமிழாக்கத்தைச் சரிபார்க்கும் பணி சில ஆண்டுகளுக்கு முன் இக்கட்டுரையாளருக்கு வாய்த்தது. கண்ணின் உட்புறத்தைப் படமெடுத்து, அப்படத்தைக் கணினியால் ஆராய்வது பற்றிய படிவம் அது. அதில், 'கருவி நோயுற்ற பகுதியைத் துண்டித்துப் பிரிக்கும்' என்றொரு தொடர் இருந்தது. ஆங்கில மூலத்தில் காணப்பட்ட சொல் 'செக்மெண்டேஷன்' என்பதாகும். படிவத்தைப் படித்துக் காட்டியபோது, ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்யும் பெண்மணி ஒருவர், "ஏங்க, மிஷினு கண்ணுக்குள்ளே வெட்டுமா?" என்று கேட்டார். விளக்கம் கூறியும் அன்று அவர் கையொப்பமிடவில்லை. படம் எடுத்துக்கொள்ளாமலே சென்றுவிட்டார்.

மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் பார்க்கத் தவறவில்லை. அச்சொல்லுக்குத் 'துண்டாக்கம்' என்னும் பொருள் மொழியியலிலும் வழக்கில் உண்டு. அச்சொல் சுட்டும் செயல் யாது என்பதே அவருக்குத் தெரியாதிருந்தது. செயலை அறியாதவிடத்து அகராதி துணை செய்வதில்லை. ஆகவே, குறைந்த எண்ணிக்கையிலான மருத்துவப் படங்களைக் கொண்டு சிற்றளவு ஆழ்கற்றல் முறையில் கூறாக்கம் செய்வது எவ்வாறு என்பதை, மொழியியலார் நன்கறிந்த கூறாக்கச் சிக்கல்களோடு ஒப்பிட்டு விளக்க இக்கட்டுரை முயல்கிறது. அவ்விளக்கத்தின் அடிப்படையில் சில கலைச்சொற்களும் இறுதியில் ஆராயப்படுகின்றன.

2. வகைப்பாடு, இடங்காணல், கூறாக்கம்

மருத்துவப் படம் ஒன்றைப் பற்றிக் கணினியிடம் மூவகை வினாக்களை எழுப்பலாம். இப்படத்தில் நோய்க்குறி உண்டா, இல்லையா என்பது முதல் வினா. இதற்கு விடை கூறுவது வகைப்பாடு. நோய்க்குறி எவ்விடத்தில் உள்ளது என்பது இரண்டாவது. ஒரு கட்டமிட்டுக் காட்டினால் போதும், இது இடங்காணல். அதன் எல்லை எதுவரை செல்கிறது என்பது மூன்றாவது. படத்தின் ஒவ்வொரு படப்புள்ளியும் எந்தக் கூறுக்கு உரியது என்று கூறினாலன்றி இவ்வினாவுக்கு விடையில்லை. இதுவே கூறாக்கம்.

இவ்வேறுபாட்டை ஹெப்பகோடியை அடுத்துள்ள பொம்மசந்திராவின் பணி ஒன்று தெளிவாக்கும். அங்குள்ள மஜும்தார் ஷா மருத்துவ மையமும், பெங்களூரின் கே.எல்.இ. பல் மருத்துவக் கல்லூரியும், அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகமும் இணைந்து, கைப்பேசியில் பொருத்தும் வாய்ப்புற்றுநோய்ச் சோதனைக் கருவி ஒன்றை உருவாக்கின. வெள்ளொளியிலும், திசுக்கள் தாமே ஒளிரும் நிலையிலும் எடுத்த இணைப்படங்களைக் கணினி ஆராய்ந்து, இயல்பானது, ஐயத்திற்குரியது என இரண்டாகப் பிரித்தது. 2018இல் வெளிவந்த அவ்வாய்வில் பயன்பட்டவை 170 இணைப்படங்கள் மட்டுமே. அது வகைப்பாட்டுப் பணி. எல்லை வரையும் பணியன்று. ஆயினும் குறைந்த தரவு என்பது மருத்துவத் துறையில் எத்துணைச் சிறிய எண்ணிக்கையைக் குறிக்கும் என்பதற்கு அது சான்றாகிறது.

3. எல்லை எங்கே உள்ளது?

கூறாக்கத்தில் எழும் அடிப்படைச் சிக்கலைக் காட்டச் சிறந்த எடுத்துக்காட்டு தமிழகத்திலேயே உள்ளது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்தோரிடம் ஒப்புதல் பெற்று எடுக்கப்பட்ட விழித்திரைப் படங்களைக் கொண்டு, ஐதராபாத் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ஜயந்தி சிவசாமியும் அவர்தம் குழுவினரும் 'திருஷ்டி-ஜிஎஸ்' என்னும் படத்தொகுதியை 2014இல் வெளியிட்டனர். அதில் 101 படங்கள் உள்ளன. 50 படங்கள் பயிற்சிக்கும், 51 படங்கள் சோதனைக்கும் உரியவை.

குளுக்கோமா எனப்படும் கண்நோயை ஆராய இத்தொகுதி பயன்படுகிறது. பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையுமிடம் விழித்திரைப் படத்தில் வெளிறிய வட்டமாகத் தோன்றும். இதனை வட்டு என்பர். அவ்வட்டின் நடுவே உள்ள குழிவு கிண்ணம் எனப்படும். நோய் முற்ற முற்றக் கிண்ணம் அகன்றுகொண்டே போகும். ஆகவே வட்டின் உயரத்தில் கிண்ணத்தின் உயரம் எத்தனை பங்கு என்பதை மருத்துவர்கள் அளக்கின்றனர். வட்டின் எல்லை பெரும்பாலும் தெளிவானது. கிண்ணத்தின் எல்லை அத்தகையதன்று. கிண்ணம் என்பது ஓர் ஆழம், படமோ தட்டையானது. குருதிக் குழாய்கள் வளையும் இடத்தையும் வெளிறிய நிறத்தையும் கொண்டே அவ்வாழத்தை உய்த்துணர வேண்டியுள்ளது. வட்டின் உயரம் 100 அலகு எனக் கொண்டால், ஒருவர் 50 அலகிலும் மற்றொருவர் 60 அலகிலும் கிண்ணத்தை வரையக்கூடும். விகிதம் 0.5 என்பதிலிருந்து 0.6 ஆகிவிடும். கோட்டின் இடம் மாறும்போது மருத்துவரின் ஐயமும் மாறுகிறது.

இதனை உணர்ந்த தொகுப்பாசிரியர்கள், 3, 5, 9, 20 ஆண்டுகள் அனுபவம் உடைய நான்கு வல்லுநர்களிடம் ஒவ்வொரு படத்தையும் தந்து எல்லை வரையச் செய்தனர். ஒவ்வொரு படப்புள்ளியையும் நால்வருள் எத்தனை பேர் கிண்ணம் என்றோ வட்டு என்றோ கொண்டனர் என்பது பதிவு செய்யப்பட்டது. கருத்து வேறுபாட்டை மறைக்காமல் தரவின் ஒரு கூறாகவே வைத்தமை இத்தொகுதியின் சிறப்பு எனலாம்.

மொழியியலாருக்கு இந்நிலை புதிதன்று. 'மரத்தை' என்னும் சொல்லை எவ்வாறு பிரிப்பது? மரபிலக்கணம் மரம், அத்து, ஐ எனப் பிரித்து, 'அத்து' என்பதைச் சாரியையாகக் கொள்ளும். இக்கால மொழியியலார் பலர் 'மரத்து' என்பதையே வேற்றுமை உருபு ஏற்கும் திரிந்த அடியாகக் கொண்டு, அதனோடு 'ஐ' சேர்ந்தது என்பர். சொல் ஒன்றே, எல்லை வேறு. இருவருள் எவரும் தவறிழைத்தார் என்று கூற இயலாது. ஒலியியலிலும் இவ்வாறே. 'தமிழ்' என்னும் சொல்லின் ஒலிப்பதிவை அலைவரைபடமாகக் காணும்போது, இகரம் முடிந்து ழகரம் தொடங்கும் இடம் ஒரு கோடாக இருப்பதில்லை. ஒன்று மற்றொன்றாகப் படிப்படியே மாறுகிறது. நாம் ஒரு மரபை வகுத்துக்கொண்டு அங்கே கோடிடுகிறோம். எல்லை பொருளில் முழுமையாகக் காணப்படுவதன்று. வல்லுநர் உடன்பாட்டால் இடப்படுவது. குறைந்த தரவு பற்றிப் பேசும்போது இவ்வுண்மையை மறத்தலாகாது.

4. கோடிப் புள்ளிகளும் ஐம்பது படங்களும்

மதுரைப் படம் ஒவ்வொன்றும் அகலத்தில் 2896, உயரத்தில் 1944 படப்புள்ளிகள் கொண்டது. அதாவது ஏறத்தாழ 56 லட்சம் புள்ளிகள். பயிற்சிக்குரிய 50 படங்களில் 28 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் விடை உண்டு. அவ்வாறாயின் தரவு குறைவு என்பது எவ்வாறு பொருந்தும்?

ஒரே நாவலாசிரியரின் நூல்களிலிருந்து பத்து லட்சம் சொற்களைத் தொகுத்தால், அது அவருடைய நடையை அறியப் பயன்படும். தமிழ் மொழியின் மாதிரியாகாது. சொற்கள் பல, மூலம் ஒன்று. படத்திலும் அடுத்தடுத்த புள்ளிகள் ஒன்றையொன்று சார்ந்தவை. அவை தனித்தனிச் சான்றுகள் அல்ல. தனித்த சான்று என்று கொள்ளத்தக்கது படமே. மேலும் இப்படங்கள் ஒரே மருத்துவமனையில், ஒரே ஒழுங்குமுறையில் எடுக்கப்பட்டவை. ஒரு வட்டாரத்தில் மட்டும் களப்பணி செய்து எழுதிய கிளைமொழி இலக்கணம் பிற வட்டாரத்திற்கு எந்த அளவு பொருந்துமோ, அந்த அளவே இவற்றால் பயின்ற கணினியும் வேறு கருவியால் எடுத்த படத்திற்குப் பொருந்தும்.

படங்களைப் பெருக்குவதும் எளிதன்று. படம் எடுத்தல் சில நொடிப் பணி. எல்லை வரைதல் வல்லுநரின் பொழுதைக் கோரும் பணி. மகாராட்டிரத்தின் நாந்தேடில் உள்ள கண் மருத்துவமனையில் எடுத்த படங்களைக் கொண்டு 2018இல் வெளியான 'ஐடிஆர்ஐடி' என்னும் நீரிழிவு விழித்திரைப் படத்தொகுதியில் 516 படங்கள் உள்ளன. அவற்றுள் நோய்க்கூறுகளைப் புள்ளி புள்ளியாகக் குறித்தவை 81 மட்டுமே. பிறவற்றிற்கு அத்தகைய குறியீடு இல்லை. வெற்றுரைத் தொகுதி மிகுதியாகவும், சொற்பகுப்புக் குறியிட்ட தொகுதி மிகக் குறைவாகவும் இருக்கும் மொழிகளின் நிலையும் இதுவே.

5. வலைப்பின்னல் கற்கும் முறை

ஆழ்கற்றல் என்பது பல அடுக்குகள் கொண்ட கணக்கீட்டு வலைப்பின்னல் எடுத்துக்காட்டுகளிலிருந்து தன் எண்களைத் திருத்திக்கொள்ளும் முறை. ஒவ்வோர் அடுக்கும் மூன்றுக்கு மூன்று போன்ற சிறு சாளரம் ஒன்றைப் படத்தின் மீது நகர்த்தி, சாளரத்துள் அகப்படும் புள்ளிகளின் மதிப்புகளைச் சில எண்களால் பெருக்கிக் கூட்டுகிறது. அவ்வெண்களே எடைகள். வலைப்பின்னல் வரைந்த எல்லைக்கும் வல்லுநர் வரைந்த எல்லைக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைக்கும் வகையில் எடைகள் மீண்டும் மீண்டும் மாற்றப்படுகின்றன. கற்றல் என்பது இதுவேயன்றி வேறன்று.

2015இல் ஜெர்மனியின் பிரைபர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓலாப் ரோனெபெர்கர், பிலிப் பிஷர், தாமஸ் பிராக்ஸ் ஆகியோர் வெளியிட்ட 'யூ-நெட்' என்னும் அமைப்பு மருத்துவப் படக் கூறாக்கத்தில் பெரும் மாற்றத்தை ஏற்படுத்தியது. ஆங்கில யூ எழுத்தின் வடிவில் அது இறங்கி ஏறும். இறங்கும்போது படம் சுருங்கிக்கொண்டே வர, ஒவ்வொரு புள்ளியும் மேலும் விரிந்த சூழலைத் தன்னுள் அடக்குகிறது. அதனால் இது யாது என்பது தெரியவரும். ஆனால் எவ்விடம் என்பது மங்கும். ஏறும்போது படம் மீண்டும் விரிக்கப்படுகிறது. இறங்கிய வழியில் ஒவ்வொரு படியிலும் பதிவான நுண்ணிய இடக்குறிப்புகள் ஏறும் வழியின் அதே படிக்கு நேரே கடத்தப்பட்டு அங்கே இணைகின்றன.

ஓலைச்சுவடி படிப்போர் இதனை எளிதில் உணர்வர். சுவடியில் புள்ளி இடப்படுவதில்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. ஓர் எழுத்து மெய்யா, உயிர்மெய்யா என்பதை அடி முழுவதையும் நோக்கியே துணிய வேண்டும். துணிந்த பின் எந்த எழுத்திற்குப் பின் சொல்லைப் பிரிப்பது என்பதற்கு மீண்டும் ஓலையின் அந்த இடத்திற்கே வரவேண்டும். சூழலும் இடமும் ஒருங்கே தேவைப்படுகின்றன. யூ-நெட் அவ்விரண்டையும் இணைக்கும் அமைப்பாகும்.

அவ்வமைப்பின் முதற் சோதனைகளுள் ஒன்றில் இருந்தவை பழ ஈயின் நரம்புத் திசுவை மின்னணு நுண்ணோக்கியால் எடுத்த 30 படங்கள் மட்டுமே. அவற்றை ரப்பர்த் தாளை இழுப்பதுபோல் சிறிதளவு நெளித்தும் வளைத்தும் புதிய எடுத்துக்காட்டுகளாக்கினர். திசு இயல்பாகவே நெளியக்கூடியதாதலால் அப்படங்கள் பொய்யாகா. இதனைத் தரவுப் பெருக்கம் என்பர். இதற்கும் இலக்கணம் உண்டு. 'அவன் வந்தான்' என்னும் தொடரிலிருந்து 'அவள் வந்தாள்' என்பதை ஆக்கலாம். 'அவள் வந்தான்' என்பதை ஆக்கலாகாது. அதுபோலவே, இயற்கையில் நிகழக்கூடிய மாற்றங்களை மட்டுமே படத்தில் செய்தல் வேண்டும்.

6. சிற்றளவாக்கம்

யூ-நெட்டின் மூல வடிவில் மூன்று கோடிக்கு மேற்பட்ட எடைகள் உள்ளன. இத்தகைய வலைப்பின்னல்களைச் சாதாரணக் கைப்பேசியில் இயக்குவது கடினம். ஐம்பது படங்களுக்கு முன் இத்தனை எடைகளை வைத்தால் மற்றோர் இடரும் உண்டு. விதியைக் கற்காமல் எடுத்துக்காட்டுகளையே மனப்பாடம் செய்துவிட இயலும். பயிற்சிப் படங்களில் பிழையின்றி விடை தந்து, புதிய படத்தில் தடுமாறும் இந்நிலை மிகைப்பொருத்தம் எனப்படும்.

எடைகளைக் குறைக்கும் வழிகளுள் புகழ்பெற்றது, 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட 'மொபைல்நெட்' அமைப்பில் கையாளப்பட்ட முறை. ஓர் அடுக்கு 64 வகைச் செய்திகளைப் பெற்று 64 வகைச் செய்திகளைத் தருவதாகக் கொள்வோம். வழக்கமான முறையில் 64 × 64 × 9, அதாவது 36,864 எடைகள் தேவை. புதிய முறை இப்பணியை இரண்டாகப் பகுக்கிறது. முதலில் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே சாளரத்தை நகர்த்துகிறது. இதற்கு 64 × 9, அதாவது 576 எடைகள். பின்னர் வகைகளை மட்டும் கலக்கிறது. இதற்கு 64 × 64, அதாவது 4,096. மொத்தம் 4,672 எடைகள். இது முன்னையதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு.

இச்சிக்கனம் உருபனியலின் சிக்கனமே. ஆயிரம் பெயர்ச்சொற்களுக்கு எட்டு வேற்றுமை வடிவங்களையும் அகராதியில் எழுதினால் எண்ணாயிரம் பதிவுகள் வேண்டும். பெயர்களைத் தனியாகவும் உருபுகளைத் தனியாகவும் எழுதினால் ஆயிரத்து எட்டுப் பதிவுகள் போதும். இழப்பும் அவ்வாறே அமைகிறது. 'நான்', 'என்னை' போன்று பகுதியே திரியும் சொற்களை அப்பட்டியல் நேரே தராது. அடியும் உருபும் ஒன்றோடொன்று பிணைந்து மாறுமிடங்களைப் பிரித்தெழுதும் முறை தவறவிடுவதுபோல், சிற்றளவு வலைப்பின்னலும் சில நுண்ணிய பிணைப்புகளைத் தவறவிடக்கூடும்.

மொபைல்நெட்டின் முதல் வடிவில் இருந்த எடைகள் ஏறத்தாழ 42 லட்சம். 2014இல் வெளிவந்த 'விஜிஜி-16' என்னும் வலைப்பின்னலில் அவை ஏறத்தாழ 13 கோடியே 80 லட்சம். இரண்டும் வகைப்பாட்டிற்கென அமைந்தவை. இத்தகைய சிற்றளவு அமைப்பை யூ-நெட்டின் இறங்கும் பகுதியாக வைத்துக் கூறாக்கத்திற்கும் பயன்படுத்துகின்றனர். அதனை முதலில் பொதுப் படங்கள் பல லட்சத்தில் பயிற்றி, பின்னர் மருத்துவப் படங்களுக்கு மாற்றுவதும் வழக்கம். தமிழ் அறிந்தவர் மலையாளத்தைத் தொடக்கத்திலிருந்து கற்க வேண்டியதில்லை என்பதை இதற்கு ஒப்பாகக் கூறலாம். ஆயினும் ஒன்றை வலியுறுத்த வேண்டும். எடைகளைக் குறைத்தலால் கணக்கீடு குறைகிறது. மனப்பாடம் செய்யும் வாய்ப்பும் ஓரளவு குறையக்கூடும். தரவின் வறுமை அதனால் தீர்ந்துவிடுவதில்லை. ஐம்பது படங்களில் இல்லாத நோய்நிலையைச் சிறிய வலைப்பின்னலும் கற்க இயலாது.

7. மதிப்பீடு

கணினியின் எல்லையை மதிப்பிடப் பெரிதும் பயன்படுவது டைஸ் அளவு. சூழலியல் அறிஞர் லீ டைஸ், உயிரினங்கள் ஓரிடத்தில் சேர்ந்து வாழ்வதை அளக்க 1945இல் வெளியிட்ட அளவு இது. வல்லுநர் 1000 புள்ளிகளையும் கணினி 1100 புள்ளிகளையும் குறித்து, பொதுவானவை 900 எனில், 900இன் இருமடங்கை 2100ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.86.

இவ்வளவு கூறின் பருமனைப் பொறுத்து வேறுபடும். நூறுக்கு நூறு புள்ளி கொண்ட சதுரம் ஒரு புள்ளி வலப்புறம் நகர்ந்தால் மதிப்பு 0.99. பத்துக்குப் பத்தாயின் 0.90. மூன்றுக்கு மூன்றாயின் 0.67. பிழை ஒன்றே, மதிப்பெண் வேறு. நீரிழிவால் விழித்திரையில் தோன்றும் நுண்ணிய குருதிப் புடைப்புகளையும், பெரிய வட்டினையும் ஒரே மதிப்பெண்ணால் ஒப்பிடுவது பொருந்தாது என்பது இதனால் விளங்கும். மேலும், வல்லுநர் நால்வர் தமக்குள் எந்த அளவு உடன்படுகின்றனர் என்பதைக் கூறாமல், கணினி பெற்ற மதிப்பெண்ணை மட்டும் கூறுவது அரைச்செய்தியே. வல்லுநர்கள் தமக்குள் உடன்படும் அளவை விஞ்சி ஒரு கருவி சரியாக இருக்கிறது என்றால், எதனோடு ஒப்பிட்டுச் சரி என்ற வினா எழும்.

8. கலைச்சொற்கள்

மேற்கண்ட விளக்கத்திலிருந்து மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டிய நான்கு சொற்களைக் காணலாம்.

(அ) செக்மெண்டேஷன்: ஆய்வு நூல்களில் 'கூறாக்கம்' என்பது பொருந்தும். பொதுமக்களுக்கான படிவங்களில் துண்டித்தல், வெட்டுதல், பிரித்தெடுத்தல் ஆகிய வினைகளை முற்றிலும் விலக்க வேண்டும். செயல் நிகழ்வது படத்தின் மீது, உடலின் மீதன்று. 'எல்லை வரைதல்' என்பதே அங்கு உண்மையான பெயர்ப்பு.

(ஆ) கிரவுண்ட் ட்ரூத்: 'தரை உண்மை' என்பது பொருளற்றது. 'மெய்விடை', 'உண்மை நிலை' என்பன அதனினும் இடர் தருபவை. வல்லுநர் கருத்தை இயற்கையின் உண்மையாக அவை உயர்த்திவிடுகின்றன. 'வல்லுநர் வரைவு' அல்லது 'ஒப்பீட்டு வரைவு' என்பது மதுரைத் தொகுதியில் கண்ட நிலையை உள்ளவாறு உணர்த்தும்.

(இ) லைட்வெயிட்: 'எடை குறைந்த' என்று பெயர்த்தால், வலைப்பின்னலின் எண்களுக்கும் 'எடை' என்றே பெயர் இருப்பதால், அவ்வெண்களின் மதிப்பு சிறியது என்று பொருள்படும். குறைவது எண்களின் மதிப்பன்று; அவற்றின் எண்ணிக்கை. எனவே 'சிற்றளவு' என்பது இக்கட்டுரையில் கையாளப்பட்டுள்ளது.

(ஈ) டீப் லேர்னிங்: 'ஆழ்கற்றல்' நிலைபெற்றுவிட்ட சொல். அதை மாற்ற வேண்டியதில்லை. ஆயினும் ஆழ்ந்த அறிவு என்னும் பொருள் அதில் ஒலிப்பதால், முதன்முறை வரும்போது 'பல அடுக்குகள் வழியாகக் கற்கும் முறை' என்று விளக்கிச் செல்லுதல் நலம்.

9. முடிவுரை

கூறாக்கம் என்பது எல்லையை இடும் செயல் என்பதும், அவ்வெல்லை வல்லுநர் உடன்பாட்டைச் சார்ந்தது என்பதும் இக்கட்டுரையில் காட்டப்பட்டன. தரவு மிகுதியாக உள்ளவிடத்தில் பல வல்லுநர்களின் வேறுபாடுகள் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்யக்கூடும். தரவு குறைந்தவிடத்தில் யாரோ ஒருசிலரின் கைக்கோட்டையே கணினி கற்கிறது. ஆகவே வலைப்பின்னல் எத்துணைச் சிறியது என்று கேட்பதோடு, கோட்டை வரைந்தவர் எத்தனை பேர், அவர்கள் எங்கே உடன்பட்டனர், எங்கே மாறுபட்டனர் என்றும் கேட்க வேண்டும். சொற்பகுப்பில் நெடுங்காலம் இவ்வினாக்களோடு பழகிய மொழியியலார் இத்துறைக்கு உதவ இயலும். குறியிடும் நெறிகளை எழுதுதல், குறியிடுவோரின் வேறுபாட்டை அளத்தல், நோயாளிக்குரிய மொழியை ஆக்கல் ஆகிய மூன்றும் அவர்கள் அறிந்த பணிகளே.

ஹெப்பகோடியில் கண்ட படிவத்தின் தொடர் பின்னர்த் திருத்தப்பட்டது. திருத்திய வடிவம் வருமாறு: 'கணினி உங்கள் கண்ணின் படத்தில் ஐயத்திற்குரிய இடத்தைச் சுற்றி ஒரு கோடு வரைந்து காட்டும். கோடு படத்தில் மட்டுமே வரையப்படும். கண்ணில் எதுவும் வெட்டப்படாது. அக்கோடு சரியா என்பதை மருத்துவர் பார்த்து முடிவு செய்வார்.' ஒரு தொடர் நான்கு தொடர்களாகியது. அப்பெண்மணியின் வினாவுக்கு உரிய விடை இப்போது படிவத்திலேயே உள்ளது.